யூத ராபிமாரும் அண்டைப் பண்பாடுகளும்



நமது ஆலயத்தின் பொன்விழாவை முன்னிட்டு 'யூபிலி' என்ற சொல் இந்நாட்களில் எல்லார் வாயிலும் புழங்குகிறது. தோரணத்தில் எழுதியிருக்கிறோம்; அழைப்பிதழிலும் அச்சிட்டிருக்கிறோம். இச்சொல் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தோமா? 'யோபேல்' என்பது எபிரேயச் சொல். ஆட்டுக்கடாவின் கொம்பு என்பது அதன் பொருள். ஐம்பதாம் ஆண்டில் கொம்பு ஊதி, அடிமைகளுக்கு விடுதலை அறிவித்து, கைமாறிப் போன நிலத்தை உரியவர்க்குத் திருப்பித்தர வேண்டுமென்று லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அந்த எபிரேயச் சொல் இலத்தீன் மொழிக்குச் சென்று, மகிழ்ச்சி ஆரவாரத்தைக் குறிக்கும் மற்றொரு சொல்லின் சாயலையும் பெற்று, ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. ஆகவே நாம் கொண்டாடும் விழாவின் பெயரே யூதரிடம் நாம் பெற்ற கடன்.

எனக்கு வேறொரு கடனும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, "சாமி, யேசுநாதர் பரலோகம் போன பிறகு பரிசேயர்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டான். "கோயில் இடிந்தது, சிதறிப் போனார்கள்" என்று சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டேன். குருமடத்தில் நாங்கள் அவர்களைப் பற்றிப் படித்ததும் அவ்வளவுதான். அந்தப் பதில் போதாதென்று அன்று மாலையே மனம் உறுத்தியது. பின்னர் கிடைத்த நூல்களைப் படித்து ஓரளவு தெளிவு பெற்றேன். அச்சிறுவன் இன்று ஒரு குடும்பத் தலைவன். அவனுக்குத் தரவேண்டிய பதிலை இம்மலரில் தர முயல்கிறேன்.

கோயில் இடிந்த பின்

கி.பி. 70-ல் உரோமைப் படைகள் யெருசலேம் கோயிலைத் தீக்கிரையாக்கின. பலியில்லை, பலிபீடமில்லை, பெரிய குருவுக்கும் வேலையில்லை. கோயிலை நம்பி வாழ்ந்த ஒரு மதம் அத்துடன் அழிந்திருக்க வேண்டும். ஆனால் யோவனான் பென் சக்காய் என்ற ஆசிரியர் கடற்கரையை அடுத்த யாவ்னே என்ற ஊரில் சீடர்களைக் கூட்டித் திருச்சட்டத்தைக் கற்பிக்கத் தொடங்கினார் என்று யூத மரபு கூறுகிறது. 132 முதல் 135 வரை நடந்த இரண்டாம் கலகத்தையும் உரோமையர் அடக்கினர். யெருசலேம் புறவினத்தாரின் நகராக மாற்றப்பட்டது. ஆசிரியர்கள் வடக்கே கலிலேயாவுக்குச் சென்றனர். பரிசேயரின் வழிவந்த இந்த ஆசிரியர்களையே 'ராபிமார்' என்கிறோம்.

இவர்கள் வாய்மொழியாகப் போற்றிவந்த சட்ட மரபுகளை ராபி யூதா என்னும் தலைவர் கி.பி. 200-ஆம் ஆண்டளவில் தொகுத்தார். ஆறு பிரிவுகளும் 63 நூல்களும் கொண்ட அத்தொகுப்பே 'மிஷ்னா'. அதன்மேல் எழுந்த விளக்கங்களும் விவாதங்களும் கதைகளும் சேர்ந்து 'தல்மூத்' ஆயின. கலிலேயாவில் ஒரு தல்மூத்தும், பாரசீக ஆட்சியிலிருந்த பபிலோனியாவில் அதனினும் பெரிய தல்மூத்தும் உருவாயின.

யூதர்கள் தங்களைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டு, யாரோடும் கலவாமல், யாரிடமும் எதுவும் பெறாமல் வாழ்ந்தனர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இந்நூல்களைப் படித்தால் அவ்வெண்ணம் நிலைக்காது. அவர்கள் சுற்றியிருந்தோரிடமிருந்து நிறையப் பெற்றார்கள்; பெற்றும் அழியாமல் வாழ்ந்தார்கள். அது எவ்வாறு இயன்றது என்பதுதான் நாம் அறிய வேண்டியது.

மாதமும் எழுத்தும் ஆடையும்

இது ராபிமார் காலத்தில் புதிதாகத் தோன்றிய பழக்கமன்று. பழைய வேதாகம நூல்கள் பெரும்பாலும் 'முதல் மாதம்', 'இரண்டாம் மாதம்' என்றே எண்ணுகின்றன. பபிலோனிய அடிமைத்தனத்துக்குப் பின் நீசான், தம்மூஸ், திஷ்ரி என்ற பபிலோனியப் பெயர்கள் நிலைத்துவிட்டன. மாதங்களின் பெயர்கள் பபிலோனியாவிலிருந்து தம் முன்னோருடன் வந்தவை என்று கலிலேயத் தல்மூத்தே ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது. இதில் ஒரு வியப்பு உண்டு. தம்மூஸ் ஒரு புறவினத் தெய்வத்தின் பெயர். பெண்கள் யெருசலேம் கோயில் வாசலில் தம்மூஸுக்காக அழுததை எசேக்கியேல் இறைவாக்கினர் அருவருப்பு என்று கண்டித்தார். அதே பெயர் இன்றும் யூதரின் கோடை மாதமொன்றின் பெயராக இருக்கிறது. தெய்வம் மறைந்தது, மாதம் நின்றது.

எழுத்தும் அப்படியே. பழைய எபிரேய எழுத்தை விட்டு அரமேய வழிவந்த சதுர எழுத்தை அவர்கள் ஏற்றனர். ராபிமார் அதனை 'அசீரிய எழுத்து' என்றே அழைத்தனர். அந்நிய எழுத்து என்று தள்ளாமல், திருச்சுருள்களை அவ்வெழுத்தில்தான் எழுத வேண்டுமென்று விதித்தனர்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சிறு பங்குண்டு. பாவப் பரிகார நாளன்று பெரிய குரு காலையில் எகிப்து நாட்டுப் பெலூசியத்தின் மெல்லிய துணியையும், மாலையில் இந்தியத் துணியையும் அணிந்தார் என்று மிஷ்னா கூறுகிறது. அந்த இந்திய ஆடையின் விலை 800 வெள்ளிக்காசு என்பது ராபி மெயிரின் கணக்கு. திராட்சைத் தோட்ட உவமையில் கூலியாள் ஒருநாள் உழைத்துப் பெற்றது ஒரு வெள்ளிக்காசு என்பதை நினைவு கூர்ந்தால் அதன் மதிப்பு விளங்கும். ஆண்டில் மிகப் புனிதமான நாளில், மிகப் புனிதமான இடத்தில் நின்றவரின் மேல் இருந்தது அயல்நாட்டு நெசவு.

குளிப்பிடத்தில் ஓர் உரையாடல்

கிரேக்கச் செல்வாக்கு இவை எல்லாவற்றிலும் பெரிது. யூதத் தலைமைச் சங்கத்தின் பெயராக நாம் அறிந்த 'சனெதிரீன்' கிரேக்கச் சொல். ஏழாம் ஆண்டில் கடன்களைத் தள்ளிவிட வேண்டுமென்பது மோயீசன் சட்டம். அவ்வாண்டு நெருங்கியபோது பணமுடையவர்கள் ஏழைகளுக்குக் கடன் தர மறுத்தனர். அதைக் கண்ட ஹில்லேல் என்னும் பேராசிரியர், கடன் பத்திரத்தை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டால் கடன் தள்ளுபடியாகாது என்று ஓர் ஏற்பாடு செய்தார். அதன் பெயர் 'புரோஸ்பூல்', இதுவும் கிரேக்கமே. ஏழைக்குக் கடன் கிடைக்க வேண்டுமென்ற சட்டத்தின் நோக்கத்தை ஓர் அயல்மொழிப் பெயர் தாங்கிய பத்திரம் காப்பாற்றியது.

ஆனால் எல்லாவற்றையும் அப்படி ஏற்க முடியுமா? புனித சின்னப்பருக்கு ஆசிரியராயிருந்த கமாலியேலின் பேரரும் கமாலியேல் என்ற பெயருடையவர். அவர் அக்கோ நகரில் ஒரு பொதுக் குளிப்பிடத்திற்குச் சென்றார். அங்கே அப்ரொதித்தே தேவதையின் சிலை நின்றது. சிலை வழிபாட்டோடு தொடர்புடைய எதையும் தொடக்கூடாதென்பது உங்கள் சட்டமாயிற்றே, இங்கே எப்படிக் குளிக்கிறீர் என்று கிரேக்கர் ஒருவர் கேட்டார். குளிப்பிடத்தில் திருச்சட்டம் பேசலாகாது என்று சொல்லி, வெளியே வந்தபின் கமாலியேல் விடை கூறினார். அவளுடைய இடத்துக்கு நான் போகவில்லை, என் இடத்துக்கு அவள் வந்திருக்கிறாள். சிலைக்கு அலங்காரமாகக் குளிப்பிடம் கட்டப்படவில்லை, குளிப்பிடத்துக்கு அலங்காரமாகவே சிலை வைக்கப்பட்டது. உண்மையிலேயே அதைத் தெய்வமென்று மதிப்பவன் அதன் முன் ஆடையின்றி நிற்பானா என்பது அவர் விடையின் சாரம். வழிபடும் சிலை வேறு, அழகுக்கு வைத்த சிலை வேறு என்று அவர் பிரித்துப் பார்த்தார். புறவினத்தார் நடுவே வாழ்ந்த மக்களுக்கு அந்தப் பகுத்தறிதல் நாள்தோறும் தேவைப்பட்டது.

பாஸ்கா பந்தி

பெற்றதை அவர்கள் எப்படி மாற்றினர் என்பதற்குப் பாஸ்கா இரவுணவு நல்ல சான்று. கிரேக்க உரோமைச் செல்வந்தர் விருந்துகளில் மஞ்சத்தில் இடக்கையூன்றிச் சாய்ந்து, திராட்சை இரசம் பருகி, கேள்வி கேட்டும் விடை சொல்லியும் உரையாடுவர். சுதந்திர மனிதனின் அடையாளம் அது. அடிமை நின்றுகொண்டு பணிசெய்வான். நம் ஆண்டவரும் சீடரும் கடைசி இரவுணவில் சாய்ந்தே அமர்ந்திருந்தனர் என்பதைச் சுவிசேஷங்கள் காட்டுகின்றன. அன்புச் சீடர் ஆண்டவரின் மார்பருகே சாய்ந்திருக்க முடிந்தது அதனால்தான்.

கோயில் இடிந்து பாஸ்கா ஆட்டுக்குட்டியைப் பலியிட வழியில்லாமற்போன பின், மிஷ்னா இவ்விருந்தை வீட்டுச் சடங்காக ஒழுங்குபடுத்துகிறது. இஸ்ராயேலில் மிக ஏழையானவனும் சாய்ந்தமராமல் உண்ணலாகாது. தருமச் சட்டியிலிருந்து சாப்பிடுகிறவனுக்கும் நான்கு கிண்ணம் இரசம் குறையாமல் கொடுக்க வேண்டும். மகன் கேட்க வேண்டும். தந்தை எகிப்தின் விடுதலைக் கதையைச் சொல்ல வேண்டும். பணக்காரரின் கேளிக்கையாயிருந்த விருந்துமுறை, அடிமைகள் விடுதலை பெற்ற கதையைக் குழந்தைக்குச் சொல்லும் பள்ளியாயிற்று. ஏழையும் அந்த ஒரு இரவு அரசனைப்போல் சாய்ந்தான்.

கிரேக்க விருந்து முடிந்ததும் குடித்தவர்கள் பாட்டும் கூத்துமாக வீடுவீடாகச் செல்வது வழக்கம். பாஸ்கா உணவுக்குப் பின் 'அபிகோமன்' கூடாது என்று மிஷ்னா தடுக்கிறது. அச்சொல் அந்தக் கேளிக்கையைக் குறித்த கிரேக்கச் சொல்லே என்பது அறிஞர் பலரின் கருத்து. பந்தியை ஏற்றார்கள், களியாட்டத்தை வாசலிலேயே நிறுத்தினார்கள்.

ஒரே மனதாயிருந்தனரா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமை பெறாது. கி.பி. 115 முதல் 117 வரை நடந்த போரின்போது, எவரும் தம் மகனுக்குக் கிரேக்கம் கற்பிக்கலாகாதென்று விதித்ததாக மிஷ்னா கூறுகிறது. ஆனால் கமாலியேலின் குடும்பத்தார் அரசாங்கத்தோடு பேச வேண்டியவர்களாதலால் அவர்களுக்கு விலக்களித்தனர். மிஷ்னாவைத் தொகுத்த ராபி யூதாவோ, இந்நாட்டில் பேசினால் திருமொழியாகிய எபிரேயத்தையோ கிரேக்கத்தையோ பேசலாமே என்று கருதினார். பின்னர் செசரேயாவில் வாழ்ந்த ராபி அபாகு, பெண்மக்களுக்குக் கிரேக்கம் ஓர் அணிகலன் என்று சொல்லிக் கற்பிக்க அனுமதித்தார்.

அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. எலிஷா பென் அபுயா என்ற பெரிய அறிஞர் கிரேக்கப் பாட்டில் மனம் ஈடுபட்டு, இறுதியில் விசுவாசத்தை விட்டு விலகினார் என்று தல்மூத் வருந்துகிறது. அவர் பெயரைச் சொல்லவும் மனமின்றி 'வேறானவன்' என்றே குறித்தனர். ஆனால் அவருடைய மாணவர் ராபி மெயிர் அவரைக் கைவிடவில்லை. ஓய்வுநாளில் எலிஷா சட்டத்தை மீறிக் குதிரைமேல் செல்ல, மெயிர் பின்னால் நடந்து பாடம் கேட்டாராம். ஓய்வுநாளில் நடக்கலாகும் தூரம் முடிந்ததென்று குதிரையின் அடிகளை எண்ணி அறிந்த எலிஷாவே, மெயிர், இதோ எல்லை, நீ திரும்பிப் போ என்றாராம். விலகிப் போனவரிடமிருந்து கற்கலாமா என்று மற்றவர்கள் கேட்டபோது, மெயிர் மாதுளையைக் கண்டெடுத்தார், உள்ளிருப்பதை உண்டார், தோலை எறிந்தார் என்று தல்மூத் விடை கூறுகிறது. ராபிமார் அண்டையாரிடமிருந்து கற்ற முறையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

பாபத்தாவின் பத்திரங்கள்

ராபிமார் சொன்னதையெல்லாம் யூதர் அனைவரும் கேட்டனர் என்று எண்ணவேண்டாம். தொடக்கத்தில் ராபிமார் சிறு கூட்டமே. சாதாரண மக்களின் வாழ்வைக் காட்டும் அரிய சான்று 1961-ல் சவக்கடலுக்கு அருகே ஒரு குகையில் கிடைத்தது. 132-ல் தொடங்கிய கலகத்தின்போது அங்கே அடைக்கலம் புகுந்தோருள் பாபத்தா என்ற யூதப் பெண்ணும் ஒருத்தி. அவள் பத்திரமாகக் கட்டி வைத்திருந்த ஏறத்தாழ 35 பத்திரங்கள் அப்படியே இருந்தன. அவளுடைய திருமண ஒப்பந்தம் அரமேயத்தில் இருக்கிறது. பெரும்பாலான மற்றவை கிரேக்கத்தில் உள்ளன.

அவள் இரு முறை விதவையானவள். முதற் கணவருக்குப் பிறந்த அவள் மகனின் பெயர் யேசு. அக்காலத்தில் அது யூதரிடையே பரவலாக வழங்கிய பெயர். தந்தையற்ற அப்பிள்ளைக்குப் பெத்ரா நகரின் மன்றம் இரு பாதுகாவலரை நியமித்தது. ஒருவர் யூதர், மற்றவர் நபதேயர். அவர்கள் மாதம் இரண்டு வெள்ளிக்காசு மட்டுமே தருகிறார்கள், பிள்ளையை வளர்க்க அது போதாது என்று பாபத்தா உரோமை ஆளுநரிடம் முறையிட்டாள். பிள்ளைக்காக வாதாடிய அந்தத் தாய்க்கு மோயீசன் சட்டமும் வேண்டியிருந்தது. கிரேக்கப் பத்திரமும் உரோமை நீதியும் வேண்டியிருந்தன. ராபிமார் சட்டம் வகுத்தது இத்தகைய மக்கள் நடுவில்தான்.

கற்களும் இதையே பேசுகின்றன. ராபி யூதா அடக்கம் செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் பேத் ஷெயாரிம் கல்லறைக் குகைகளில் பெரும்பாலான கல்வெட்டுகள் கிரேக்கமே. திபேரியாவை அடுத்த ஹம்மாத்தில் நான்காம் நூற்றாண்டுச் செபக்கூடத்தின் தரையில், பன்னிரண்டு இராசிகள் சூழ, தேரேறிவரும் சூரியனின் உருவம் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேலே திருச்சுருள் பேழையும் ஏழு கிளை விளக்குகளும் உள்ளன. செபிக்க வந்தவர்கள் சூரியனை வணங்கவில்லை. காலத்தையும் வானத்தையும் படைத்தவரின் ஒழுங்கை அக்காலத்தார் அறிந்த ஓவிய முறையில் வரைந்து வைத்தனர் என்பதே பல அறிஞர் தரும் விளக்கம்.

பாரசீக ஆட்சியில்

பபிலோனியாவில் கி.பி. 224 முதல் சாசானியப் பாரசீகர் ஆண்டனர். நெகர்தேயா நகரின் ராபி சாமுவேல் மருத்துவமும் வானநூலும் கற்றவர்; மன்னர் முதலாம் சாபூரோடு பழகியவர் என்று தல்மூத் சொல்கிறது. நாட்டின் சட்டமும் சட்டமே, அதற்கு யூதன் கீழ்ப்படிய வேண்டும் என்ற கோட்பாடு அவருடையது. நிலம், வரி, வணிகம் ஆகியவற்றில் அரசன் சட்டத்தை ஏற்றதால் சிறுபான்மை மக்கள் பிற நாடுகளில் வாழ வழி பிறந்தது. பாரசீகச் சொற்களும் தல்மூத்தில் புகுந்தன. 'பர்தேஸ்' என்றால் தோட்டம். நாம் சொல்லும் 'பரதீசு' அதே வேரிலிருந்து கிளைத்தது.

சாதாரண மக்கள் ராபிமார் விரும்பியதை விடவும் அதிகமாகவே அண்டையாரோடு கலந்தனர். பேய்களை விரட்ட மந்திரம் எழுதிய மண்கிண்ணங்களைக் கவிழ்த்து வீடுகளில் புதைத்து வைக்கும் வழக்கம் அங்கே பல மதத்தாரிடமும் இருந்தது. யூதரும் அதைச் செய்தனர். நிப்பூர் என்ற பழைய நகரில் தோண்டியெடுத்த கிண்ணங்கள் சிலவற்றில், கணவன் மனைவிக்குத் தரும் மணவிலக்குச் சீட்டின் முறையிலேயே பேய்க்குச் சீட்டெழுதி வீட்டை விட்டு வெளியேறச் சொல்லியிருக்கிறார்கள். தாயத்து கட்டிக்கொண்டு பூசைக்கு வருவோரைக் கண்ட எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது. அம்மக்கள்மேல் இரக்கமும் வந்தது.

நாமும் அவர்களும்

கிறிஸ்தவர்களும் ராபிமாரின் அண்டைவீட்டாரே. மூன்றாம் நூற்றாண்டில் செசரேயாவில் போதித்த ஒரிஜன் யூத அறிஞர்களிடம் வேதாகமத்தின் பொருளைக் கேட்டறிந்தார். பெத்லேகேமில் 386 முதல் தங்கிய புனித எரோணிமுஸுக்கு எபிரேயம் கற்பிக்க ஒரு யூத ஆசிரியர் தம் இனத்தாருக்கு அஞ்சி இரவில் வந்தார். அவ்வாறு கற்ற மொழியைக் கொண்டே அவர் பழைய ஏற்பாட்டை எபிரேய மூலத்திலிருந்து இலத்தீனில் பெயர்த்தார். லேவியர் ஆகமத்தின் 'யோபேல்' அப்பெயர்ப்பின் வழியாகவே மேற்குத் திருச்சபையின் சொல்லாயிற்று.

பெற்ற கடனுக்கு நம் முன்னோர் எப்போதும் நன்றி காட்டவில்லை. 1242-ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில் தல்மூத் சுவடிகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரித்தனர். 1553-ல் உரோமையிலும் எரித்தனர். இதற்கிடையில் 1520 முதல் 1523 வரை பபிலோனியத் தல்மூத்தை முதன்முதல் முழுமையாக அச்சிட்டவர் வெனிஸ் நகரில் தொழில் செய்த தானியேல் போம்பெர்க் என்ற கிறிஸ்தவர் என்பதையும் வரலாறு குறித்திருக்கிறது. எரித்த கையும் நம்முடையது. அச்சிட்ட கையும் நம்முடையது. 1965 அக்டோபர் 28-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், யூதர்கள்மேல் எவரும் எக்காலத்திலும் காட்டும் பகையைக் கண்டித்து, திருச்சபை அவர்களிடமிருந்து பெற்றதை நினைவூட்டியது. 1986-ல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமைச் செபக்கூடத்துக்கே சென்று அவர்களை நம் மூத்த சகோதரர் என்றார்.

அன்பர்களே, அந்தச் சிறுவனுக்கு இன்று நான் சொல்லும் விடை இதுவே. பரிசேயரின் வழிவந்தோர் மறைந்துவிடவில்லை. கோயிலை இழந்தும் திருச்சட்டத்தை இழக்காதிருந்தனர். பபிலோனியரின் மாதங்களை எண்ணி, கிரேக்கரைப்போல் பந்தியில் சாய்ந்து, பாரசீக மன்னனின் சட்டத்துக்கு அடங்கி, ஒரே இறைவனை வணங்கினர். சொல்லையும் சாயலையும் பெறத் தயங்கவில்லை. வழிபாட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எதை ஏற்பது, எதை விலக்குவது என்று தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் வாதாடினர். வாதில் தோற்றவர் கருத்தையும் அழிக்காமல் எழுதி வைத்தனர்.

இனி ஞாயிறு வாசகத்தில் 'பரிசேயர்' என்ற சொல் காதில் விழும்போது, வெளிவேடக்காரர் என்று மட்டும் எண்ணி நிறுத்திவிடாதிருப்போம். தருமச் சட்டியில் உண்பவனுக்கும் நான்கு கிண்ணம் ஊற்றச் சொன்னவர்களையும், இரவில் வந்து நம் புனிதருக்கு எபிரேயம் கற்பித்தவரையும் சேர்த்து நினைப்போம். ஐம்பதாம் ஆண்டின் கொம்பொலி கடன்பட்டவருக்கு விடுதலை அறிவித்த ஒலி. நம் பழைய கடன்களை நன்றியோடு ஒப்புக்கொண்டு இவ்விழாவைக் கொண்டாட, எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!

— பங்குத் தந்தை